‘வாங்கினாராம்’ என்று எழுதினால் பொறுப்பு தீராது

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைக்காட்சியில் பெரும் செல்வாக்குள்ள ஒருவரைப் பற்றி அவருடைய சம்மதம் இல்லாமல் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாற்றின் ஒரு பகுதியை நீங்கள் வெளியிட்டதிலிருந்து, அந்த நூல் குறித்து உங்கள் நாளிதழில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. பாதிப் பேர் ‘அவரைக் கேட்காமல் எப்படி எழுதலாம்’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘கருத்துச் சுதந்திரம்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தின் ஒரு வரியையாவது எடுத்து, ‘இது நூலாசிரியருக்கு எப்படித் தெரிந்தது?’ என்று யாரும் கேட்கவில்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் நூல்களைச் செம்மைப்படுத்தி, புரூஃப் பார்ப்பது எங்கள் தொழில். எங்களுக்கு அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பே இன்றும் வழிகாட்டி. பொது ஆவணங்களில் உள்ளதை எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம். ஆனால் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்ற சொந்த விஷயங்களில் ஆவணத்தைத் தாண்டி எழுதினால், அது உண்மையாகவே இருந்தாலும், நஷ்டஈடு கேட்டு வழக்கு வரலாம். தானே வலிய வந்து பொதுவெளியில் ஒரு விஷயத்தைக் கிளப்பியவருக்கு அந்தப் பாதுகாப்பு அதே அளவில் கிடைக்காது. தன் குழந்தைப் பருவத்தையும் மணவாழ்க்கையையும் தன் நிகழ்ச்சியிலேயே பேசி வளர்ந்த பிரமுகர்கள் விஷயத்தில் இது முக்கியம். ஆக, ஒரே புத்தகத்தில் 40-ஆம் பக்கத்துக்குச் சம்மதம் தேவைப்படாது, 41-ஆம் பக்கத்துக்குத் தேவைப்படலாம். மொத்தப் புத்தகத்துக்கும் சேர்த்து ‘அனுமதி உண்டா, இல்லையா’ என்று கேட்டால் விடை கிடைக்காது.

இந்த வகை நூலுக்குப் பலரும் முன்மாதிரியாகக் காட்டுவது, 2010-ல் தொலைக்காட்சிப் பேட்டியாளர் ஓப்ரா வின்ஃப்ரே பற்றி அமெரிக்காவில் கிட்டி கெல்லி எழுதிய வாழ்க்கை வரலாறு. சுமார் 850 பேரிடம் பேசியதாகச் சொல்லி அவர் எழுதினார். ஓப்ரா பேட்டி தரவில்லை. பெயர் பெற்ற பேட்டி நிகழ்ச்சிகள் பல தன்னை அழைக்க மறுத்ததாகவும் கெல்லி சொன்னார். அந்த 850-ஐத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். நாங்கள் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. 25 ஆண்டுகளில் ஓப்ரா பத்திரிகைகளுக்கும் வானொலி, தொலைக்காட்சிகளுக்கும் கொடுத்த பேட்டிகளைத் திரட்டி, பெயர், தேதி, பொருள் என்று பிரித்து கெல்லி அடுக்கி வைத்தார். ஊடகப் பிரமுகரைப் பற்றி எழுத இதைவிட நல்ல வழி கிடையாது. ஒருவர் 1992 தீபாவளி மலரில் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதையும், 2004 வார இதழில் சொன்னதையும், போன வருடம் யூடியூபில் சொன்னதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். எங்கே கதை மாறுகிறது என்பது தானாகத் தெரியும். எல்லாம் அவர் வாயாலேயே சொன்னது. வழக்கிலும் அதுதான் நன்றாக நிற்கும். பழைய இதழ்களுக்கு சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. புதுச்சேரியில் 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

கெல்லியைப் பின்பற்றுகிறவர்கள் மறந்துவிடுவது, அவர் நிற்கும் தரை வேறு என்பதை. அமெரிக்காவில் 1964-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு அரசு அதிகாரிகளும், 1967 முதல் பிரபலங்களும் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால், எழுதியவர் பொய்யென்று தெரிந்தே எழுதினார், அல்லது உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். நம் நாட்டில் அதற்கு நெருக்கமான பாதுகாப்பை 1994 தீர்ப்பு தந்தது அரசு அதிகாரிகளின் பணி சார்ந்த செயல்களுக்கு மட்டும். தொலைக்காட்சிப் பிரமுகர் அரசு அதிகாரி இல்லை. அவரைப் பற்றி எழுதியது உண்மை என்று காட்டும் பாரம் எழுதியவர் தலையில். உரிமையியல் வழக்கில் உண்மை என்று காட்டிவிட்டால் போதும். குற்றவியல் வழக்கில், அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில், உண்மையாக இருப்பதோடு பொதுநன்மைக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை தண்டனையாக வரலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் அமெரிக்கப் பாணியில் எழுதப்படும் புத்தகம் முதல் வக்கீல் நோட்டீஸிலேயே தள்ளாடும்.

ஆகவே கையெழுத்துப் பிரதியோடு இன்னொரு கோப்பும் சேர்ந்தே வளர வேண்டும். தகவல் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேரே, யார் சொன்னது அல்லது எந்த ஆவணம், எந்தத் தேதி, நகல் எங்கே இருக்கிறது, இரண்டாவது ஆதாரம் என்ன. எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். புத்தகம் எழுதி முடித்த பிறகு இந்தக் கோப்பைத் தயாரிக்க உட்காருகிறவர்களே அதிகம். அப்போது மூன்று வருடத்துக்கு முந்தைய டைரிக் குறிப்பில் ‘எஸ். சொன்னார்’ என்று இருக்கும். எந்த எஸ்.?

பேட்டிப் பதிவில் நடக்கும் தவறு இன்னும் கொடியது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பாகம் கருவியைக் கையாண்டவர் தருவது, இன்னொரு பாகம் நிபுணர் தருவது. பதிவின் ‘ஹாஷ்’ எண்ணையும், அதாவது கோப்புக்குக் கைரேகை போல கணினி கணக்கிட்டுத் தரும் அடையாள எண்ணையும், அதில் குறிப்பிட வேண்டும். கோப்பின் ஆரம்பத்தில் இருக்கும் இருமலை வெட்டிவிட்டால்கூட அந்த எண் முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய வீடியோ சுருங்கி வேறு கோப்பாகிவிடுகிறது. பேட்டி எடுத்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புது போன் வாங்கிவிட்டால் மூலமே போயிற்று. பதிவு முடிந்த அன்றே, தொடாத கோப்பை இரண்டு தனித்தனி டிஸ்கில் எடுத்து, ஹாஷ் எண்ணைத் தாளில் எழுதித் தேதி போட்டு வைக்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் தேதியும் இடமும், பதிவு செய்யச் சம்மதம் என்று பேசுபவரின் குரலும் இருக்கட்டும். கூடவே, சொன்னதன் சுருக்கத்தை எழுதி ஒவ்வொரு தாளிலும் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பிரமுகரின் ஆட்கள் போய்ப் பேசிய மறுநாள் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று சாட்சி சொல்வது இந்தத் துறையில் புதிதில்லை.

இனி மொழிக்கு வருகிறோம். எங்கள் மனம் அதிகம் நோவது இங்கேதான். வினைச்சொல்லின் வாலில் ‘ஆம்’ சேர்த்துவிட்டால் பொறுப்பு கழன்றுவிடும் என்ற நம்பிக்கை தமிழில் எழுதுகிறவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. ‘அந்த ஆண்டே கடற்கரையோரம் ஒரு பங்களா வாங்கினாராம்.’ ‘தயாரிப்பாளரை மிரட்டினாராம்.’ வீட்டுத் திண்ணையில் இது வம்பு. அச்சில் இது குற்றச்சாட்டு. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னவரும் சட்டத்தின் கண்ணில் சொன்னவரே. ‘கூறப்படுகிறது’, ‘பேச்சு அடிபடுகிறது’, ‘நெருங்கிய வட்டாரங்கள்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பிரதியில் ‘ஆம்’ வரும் ஒவ்வோர் இடத்தையும் சிவப்பில் வட்டமிட்டுப் பக்கத்தில் ‘யார்?’ என்று எழுத வேண்டும். விடை கிடைத்தால் வாக்கியமே மாறிவிடும்: ‘அப்போது கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர், கிரயத்துக்கான காசோலையைத் தான் பார்த்ததாகச் சொன்னார்.’ விடை கிடைக்காவிட்டால் அடித்துவிட வேண்டியதுதான். மரியாதை விகுதியையும் பார்க்க வேண்டும். பத்து அத்தியாயம் ‘அவர்’ என்று போய், சண்டை வரும் அத்தியாயத்தில் ‘அவன்’ ஆகிவிட்டால், எழுதியவரின் பகையை எதிர்த்தரப்பு வக்கீல் தேடவே வேண்டாம்.

பின்னட்டையை மறந்துவிடுவார்கள். உள்ளே 212-ஆம் பக்கத்தில் ‘சொன்னார்’ என்று ஒழுங்காக இருக்கும் செய்தி, விற்பனைக்காக வேறொருவர் கடைசி நாளில் எழுதிய பின்னட்டையில் ‘செய்தார்’ ஆகிவிடும். புத்தகக் கண்காட்சியில் எல்லோரும் படிப்பது பின்னட்டையைத்தான். நோட்டீஸில் முதலில் மேற்கோள் காட்டப்படுவதும் அதுதான். அச்சான பிறகு ஒரு வரியை மாற்ற ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கத்தையும் (அச்சகத்தில் இதை ‘பாரம்’ என்பார்கள்) மறுபடி ஓட்ட வேண்டும். பைண்டிங்கும் முடிந்திருந்தால் தாளை வெட்டி ஒட்ட வேண்டும். சர்ச்சைக்குரிய நூலை முதலில் சில நூறு பிரதிகள் மட்டும் அடிப்பது இதற்காகத்தான்.

ஆவணங்களிலும் பொறிகள் உண்டு. வில்லங்கச் சான்று காட்டுவது, கேட்ட சர்வே எண்ணுக்கு, கேட்ட காலத்தில், அந்தச் சார்பதிவகத்தில் பதிவான பரிமாற்றங்களை மட்டுமே. பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் அதில் வராது. அதை மட்டும் வைத்து ‘மொத்தச் சொத்து இவ்வளவு’ என்று எழுதக்கூடாது. சேனல் நடத்தும் கம்பெனியின் இயக்குநர்கள், பங்குதாரர்கள், அடமானங்கள் பற்றிய தாக்கல்களை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். வதந்தியைவிட அது எத்தனையோ மடங்கு பேசும். ஆனால் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள இரண்டு இயக்குநர்களை ஒருவராக நினைத்துவிடும் ஆபத்து உண்டு. இயக்குநர் அடையாள எண்ணைச் சரிபார்க்காமல் பெயரை எழுதக்கூடாது. புதுச்சேரிக் குடும்பம் என்றால் இன்னொரு சிக்கல். பிரெஞ்சுக்காலப் பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துமுறையில் இருக்கும். ராஜு என்பதில் ‘ஜ’வுக்கு முன்னால் ஒரு ‘டி’ எழுத்து வரும், ‘உ’ ஒலிக்கு இரண்டு எழுத்து இருக்கும். 1881 ஆணையின்படி சொந்தச் சட்டத்தைத் துறந்த குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயரே வைத்துக்கொண்டன. ஆங்கில எழுத்துக் கூட்டலில் தேடிவிட்டு ‘அப்படி ஒரு பதிவே இல்லை, அவர் சொல்வது பொய்’ என்று எழுதினால், பொய் சொன்னவர் யார் என்பது பிறகு கோர்ட்டில் தெரியும்.

எழுதப்படுபவரைக் கேட்க வேண்டுமா? கட்டாயம் கேட்க வேண்டும். அனுமதியை இல்லை, பதிலை. குற்றச்சாட்டுகளை எண்ணிட்ட கேள்விகளாக்கி ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, குறைந்தது மூன்று வாரம் தர வேண்டும். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அறுபது கேள்வி அனுப்புவது கண்துடைப்பு, நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கும். முழுப் பிரதியையும் அனுப்புவது மறுகோடித் தவறு. அது தடை உத்தரவு மனுவுக்கு இணைப்பாகப் போய்ச் சேரும். பதில் வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டோம், பதில் வரவில்லை என்று புத்தகத்திலேயே எழுதிவிடலாம்.

தடை உத்தரவுதான் பெரிய பயம். புத்தகம் எங்கெல்லாம் விற்கிறதோ அங்கெல்லாம் வழக்கு போட இடமுண்டு என்பதால், கடலூர்க்காரர் சென்னைக்கு அலைய நேரிடும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ-யின்படி ‘கேவியட்’ என்னும் முன்னறிவிப்பு மனு போட்டால் 90 நாளுக்கு, நம்மைக் கேட்காமல் உத்தரவு வராது. ஆனால் அதன் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும், ‘புத்தகம் வருகிறது’ என்று நாமே சொன்னதாகிவிடும். எப்போது போடுவது என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்வது அவசியம். இடைக்காலத் தடை என்ற பெயர் இருந்தாலும் இடைக்காலம் நீண்டுவிடும். எழுத்தாளர் குஷ்வந்த் சிங்கின் தன்வரலாற்றுக்கு 1995 டிசம்பரில் வந்த தடை 2001 செப்டம்பரில்தான் நீங்கியது. 2024 மார்ச் 22 அன்று புளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுப்பதை மிக அரிதாகவே செய்ய வேண்டும், கெட்ட எண்ணமோ வெளிப்படையான பொய்யோ இருந்தால்தான் செய்யலாம் என்று கீழமை நீதிமன்றங்களை எச்சரித்தது. எழுதுகிறவர்களுக்கு இது பெரிய பலம். மேலே சொன்ன கோப்பு இருந்தால்தான் அந்தப் பலம் கைகொடுக்கும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பகுதியை எடுத்து வெளியிடும் நாளிதழும் வெளியீட்டாளர்தான், ‘நூலிலிருந்து’ என்று போட்டுவிட்டால் பொறுப்பு நூலாசிரியரோடு நின்றுவிடாது. நீங்கள் வெளியிட்ட பகுதியில் பங்களா பற்றிய பத்தி இருந்தது. நூலில் அந்தப் பத்திக்கு மூன்று அடிக்குறிப்புகள் உள்ளன, அவற்றில் ஒன்று கிரயப் பத்திரத்தின் எண். இடம் போதவில்லை என்று அந்த எண்களை நீக்கிவிட்டிருக்கிறீர்கள். ஆதாரத்தோடு எழுதப்பட்ட பத்தி உங்கள் பக்கத்தில் வெறும் வம்பாகி, அதன் மேல்தான் இத்தனை கடிதங்களும் வந்திருக்கின்றன. அந்த மூன்று குறிப்புகளையும் கடிதங்கள் பகுதியிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நூல் செம்மையாக்கம், மெய்ப்புப் பணியில் உள்ள நால்வர்,
புதுச்சேரி, கடலூர்.