ஃப்ரீசரைக் காலி செய்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

இத்தாக்கா நண்பர்களுக்கு,

வியாழக்கிழமை இரவைப் பற்றித் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் வீட்டு அடித்தளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்குத்தானே இந்த மடல். பழைய கடிதங்களும் படங்களும் இருந்த பெட்டிகள் பிழைத்துவிட்டன.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. நனைந்த காகிதத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உறைய வைத்துவிட்டால் நிற்கும், அப்புறம் நிதானமாகப் பிரிக்கலாம். இதை நான் அழுதுகொண்டே சொல்லி முடிப்பதற்குள் மனிதர் கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசரைத் திறந்து, தான் வேட்டையாடிய மான் இறைச்சியைப் பொட்டலம் பொட்டலமாக வெளியே எடுக்கத் தொடங்கிவிட்டார். பிறவி சைவமான நானும் நாலு பொட்டலம் தூக்கினேன். "யாருடைய காகிதம் இதெல்லாம்?" என்று அவர் கேட்டதே மூடியைச் சாத்திய பிறகுதான்.

சொன்னேன். நம்மூர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கறுப்பின மாணவர்களுடையது. 1906இல் ஏழு மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கறுப்பின மாணவர் சங்கத்தைத் தொடங்கிய வளாகம். ஆனால் உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் 1969 ஏப்ரலில், போராட்டத்தில் கைப்பற்றியிருந்த வில்லார்ட் ஸ்ட்ரெய்ட் கட்டடத்திலிருந்து கறுப்பின மாணவர்கள் துப்பாக்கியோடு வெளியே வரும் அந்த ஒரு புகைப்படம். அடுத்த ஆண்டு, 1970 ஏப்ரல் 1 அன்று, கறுப்பின மக்களைப் பற்றிய படிப்புக்கான ஆஃப்ரிக்கானா மையத்தின் கட்டடம் தீயில் போனது, உள்ளிருந்த புத்தகங்களும் தாள்களும் சேர்த்து. மிச்சத்தில் நிறைய, பழைய மாணவர்களின் பரண்களில்தான் கிடக்கிறது: நடன விழா அழைப்பிதழ், வீட்டுக்கு எழுதிய கடிதம், அறைத்தோழியோடு எடுத்த படம். அதைத்தான் என்னை நம்பிக் கொடுத்திருந்தார்கள்.

"அந்தத் தீ ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பையன் நான்" என்றார் பெரியவர். வேறெதுவும் சொல்லவில்லை.

துண்டுகளோடு ஓடிவந்த தமிழ்க் குடும்பங்கள், இரவு பதினோரு மணிக்கு மெழுகுத்தாள் தேடிப் பிடித்த மாணவர்கள், படங்களைக் குளிர்ந்த நீரில் அலசிக் கொடியில் மாட்டியவர்கள், சாம்பார் சாதம் அனுப்பிய அக்கா, எல்லோருக்கும் நன்றி. பெட்டிக்குச் சொந்தக்கார அம்மையாரிடம் திட்டு வாங்கத் தயாராகத்தான் போன் செய்தேன். "அப்பாவின் கடிதம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது அம்மா, ஓரம் மட்டும் கொஞ்சம் மை கலங்கியிருக்கிறது.

இனி எந்தப் பெட்டியையும் தரையில் வைக்கமாட்டேன். கைக்கு வந்த அன்றே ஸ்கேன்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. நாளை இதை அவருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும். ஒன்பது காகிதப் பொட்டலம் இன்னும் அவர் ஃப்ரீசரில் இருக்கிறது. நவம்பரில் மறுபடி மான் வேட்டைக்குப் போவார், அதற்குள் எடுத்துவிடுவேன்.