மேலே இருக்கும் கார்டு

அன்புள்ள குமரனுக்கு,

நலம்தானே? நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அதெல்லாம் இருக்கட்டும். நீயும் வாணியும் அன்றைக்கு மேஜிக் கார்டு ஆட்டம் ஆடும்போது முட்டிக்கொண்டீர்களே, அந்த விதிகளை உட்கார்ந்து படித்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, தெரியும்.

முதல் தகராறில் நீ சொன்னதுதான் சரி. உன் கிரியேச்சர், அதாவது சண்டை போடும் கார்டு, 2/2: அடிக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2. அவள் லைட்னிங் போல்ட் போட்டாள், 3 டேமேஜ், விழுந்தால் செத்துவிடும். பதிலுக்கு நீ இரண்டு பலத்தையும் மும்மூன்று கூட்டும் ஜயன்ட் குரோத் போட்டாய். இப்படிப் போடும் கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டாக் என்ற அடுக்கில் ஏறும், கடைசியாக ஏறியது முதலில் வேலை செய்யும். குரோத் முந்திக்கொண்டு கிரியேச்சரை 5/5 ஆக்கிவிட்டது, அப்புறம் வந்த போல்ட்டால் அதைக் கொல்ல முடியவில்லை. "நான்தானே முதலில் போட்டேன்" என்று வாணி கத்தியது செல்லாது. ஆனால் நீ அவசரப்பட்டு முதலிலேயே குரோத்தைப் போட்டு, அதற்குப் பதிலுக்கு அவள் போல்ட் போட்டிருந்தால்? 2/2 ஆக இருக்கும்போதே செத்திருக்கும். டார்கெட் இல்லாமல் உன் குரோத்தும் வீண். உனக்கு அந்த அவசரம் எப்போதும் உண்டு, அதனால் சொல்கிறேன்.

இரண்டாவதில் அவள் சொன்னதுதான் சரி. கோபித்துக்கொள்ளாமல் படி. உன் டர்னில் இரண்டு பேர் கார்டும் ஒரே நேரத்தில் ட்ரிகர் ஆனது, அதாவது தானாக வேலை செய்யக் கிளம்பியது. "என் டர்ன், என்னுடையதுதான் முதலில்" என்றாய். ஸ்டாக்கில் முதலில் ஏறுவது உன்னுடையதுதான். அவளுடையது அதன்மேல் ஏறும், மேலே இருப்பதால் அதுதான் முதலில் நடக்கும். டர்ன் யாருடையதோ அவர் கார்டு அடியில் போய்விடுகிறது. சின்ன வயதிலேயே பெரியவர்களுக்கெல்லாம் விதி சொல்லிக்கொடுத்த பிள்ளை நீ, இதை எப்படி விட்டாய்?

பெரியப்பாவை இதில் இழுக்காதே. மற்றவற்றை முந்திக்கொள்ளும் கார்டு வகை என்று அவர் இன்டரப்ட், இன்டரப்ட் என்பதெல்லாம் பழைய கதை. 1999-இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு ஸ்டாக் வந்தபோதே அவையெல்லாம் போல்ட், குரோத் மாதிரி இன்ஸ்டன்ட் வகை ஆகிவிட்டன.

இன்னொன்று, நீங்கள் இருவருமே கவனிக்காதது. ஸ்டாக்கில் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடக் கூடாது. ஒவ்வொன்று முடிந்ததும் டர்ன்காரருக்கு முதலில், அப்புறம் எதிராளிக்கு, மறுபடி ஏதாவது போட வாய்ப்பு உண்டு. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று இருவரும் அடுத்தடுத்துச் சொன்னால்தான் அடுத்தது நடக்கும். நீ அவளைக் கேட்காமலேயே அடுத்ததுக்குப் போய்விட்டாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கையில் இன்னும் ஒரு கார்டு இருந்தது, போடலாமா என்று விரலால் அதைப் பாதி தூக்கிவிட்டு மறுபடி கீழே இறக்கினாள்.

அவளுக்கும் இதையே எழுதிவிட்டேன், அவள் தப்பையும் சேர்த்துத்தான். இது யார் டர்ன் என்று என்னிடம் கேட்காதே, பெரியவன் நீ. அவள் போன் நம்பர் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பாளாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா