6 மாதம் கழித்துத்தான் எங்களுக்கு நீங்கள் தேவை

ராணுவ நலப் பிரிவுகளில் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பணியில் இருந்தபோது இறந்த ஒரு வீரரின் தங்கை எழுதுகிறேன். முதல் சில வாரங்களில் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேதி சொல்ல நேரில் வந்தார்கள், சுற்றி வளைக்காமல் சொன்னார்கள், அம்மா அழுது ஓயும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்கள். இறுதி மரியாதை, கொடி எல்லாம் முறைப்படி நடந்தது. அப்புறம் எங்களுக்கென்று நியமித்த அதிகாரி மாற்றலாகிப் போனார், அடுத்து வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அவரும் போனதும் அண்ணி உங்களுக்குப் போன் செய்வதையே விட்டுவிட்டார்.

அண்ணனின் உடைமைகளை வைத்து எங்களிடம் தந்த பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அழகாக மடித்து வைத்திருந்தார்கள். நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். எல்லாவற்றிலும் சோப்பு வாசனை. "துவைத்துத் தரட்டுமா, அப்படியே தரட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

படைக் குடும்பத்தில் ஒருவர் போனால், கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸும் போகும், பிள்ளைகளின் பள்ளி மாறும், எதற்கும் ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூரமாகிவிடுவார்கள். துக்கம் அதற்கெல்லாம் பிறகு, சாமான்களைப் பிரித்து வைத்து முடித்தபின்தான் முழுசாக வந்து இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துயரம் ஒரு தனிக் கோளாறாகவே இருக்கிறது, அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இழப்பு நேர்ந்து குறைந்தது 6 மாதமாவது ஆனபிறகுதான் அதைக் கணிக்க முடியும் என்கிறார்கள். யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்று தெரியத் தொடங்குகிற நேரத்தில், உங்கள் மேசையில் எங்கள் கோப்பு மூடியிருக்கிறது!

விமான விபத்தில் ராணுவத்தில் இருந்த கணவரை இழந்த பானி கரோல், 1994இல் அமெரிக்காவில், படைவீரர்களை இழந்த குடும்பங்களுக்காக டாப்ஸ் (TAPS) என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே புதிதாக இழந்தவரோடு பேசுபவர் ஏற்கெனவே இழந்தவர். இதற்குப் பெரிய கட்டடமெல்லாம் தேவையில்லை. இழந்த குடும்பங்களைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் நீங்கள்தான், விருப்பமுள்ளவர்களைச் சேர்த்துவைப்பதும் உங்களால் முடிகிற காரியம்தான்.

இன்னொன்று. உங்கள் படிவத்தில் மனைவி பெயர் இருக்கும், தம்பி தங்கை பெயர் இருக்காது. ஓய்வுபெற்றபின் இறந்தவரின் வீட்டுக்கும், தற்கொலை செய்துகொண்டவரின் வீட்டுக்கும் வருவதற்கு யாருக்கும் கால் எழுவதில்லை. அப்புறம் கூட இருந்த வீரர்கள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன் மறுநாள் காலை வழக்கம்போல டியூட்டிக்குப் போனான். இன்றும் எங்களை நலம் விசாரிக்கிறான், அவனை விசாரிக்க யாரையும் நீங்கள் வைக்கவில்லை.

மாற்றல் இல்லாத ஒரு ஆளைப் போடுங்கள், சீருடை போடாதவராக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் சொன்னால் எங்களைத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பதில் எழுத வேண்டாம். இந்த மாதத்தோடு 6 மாதம் ஆகும் குடும்பங்களின் பெயர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும், அதை எடுத்து இன்றைக்கே அவர்களுக்குப் போன் செய்யுங்கள்.