பிரஷர் இறங்கியதைப் பார்த்துப் பதறிய அக்காவுக்கும், அடுத்தடுத்துக் கைகொடுத்தவர்களுக்கும்

காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிற குடும்பம் எங்களுடையது. இந்த வருஷம் மஞ்சள் வெட்டும்போது அப்பாவின் காலில் கொத்து பட்டதும், அது செப்சிஸ் என்கிற, உயிருக்கே ஆபத்தான கிருமித்தொற்று வரைக்கும் போனதும், அவர் பிழைத்து வீடு வந்ததும் ஊருக்கே தெரியும். யாரால் பிழைத்தார் என்பதுதான் சரியாகத் தெரியவில்லை. "பெருந்துறையில பெரிய டாக்டருங்க காப்பாத்திட்டாங்க" என்றே எல்லோரும் சொல்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே பாதிக் காரியத்தை முடித்துவிட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். இந்த மடல் முதலில் அவர்களுக்கு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் ஊருக்கு வருகிற அக்கா, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவது அவர் வேலை. அன்றைக்கு வந்தபோது அப்பா கட்டிலில் சுருண்டு கிடந்தார். முந்தின நாள் நடுக்கிய குளிர்காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு சில்லென்று இருந்ததால் தேறிவிட்டார் என்றே நினைத்தோம். அக்கா பிரஷர் பார்த்தார். மேல் அளவு 88. "எப்பவும் நூத்தம்பதுக்கு மேல இருக்குமுங்களே, இறங்குனது நல்லதுதானுங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அக்கா பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். "150 இருக்கிற ஆளுக்கு 88ன்னா அது நல்லதில்லீங்க." அந்த நேரம் பார்த்து அப்பா, எருதுகளைக் கட்டித்தரையில் கட்டியாச்சா என்று கேட்டார். எங்களிடம் எருது இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதைச் சொன்னதும் அக்கா 108-க்கு அவரே போன் போட்டுவிட்டார். வண்டி வருவதற்குள் காலில் சுற்றியிருந்த துணியையும் அவிழ்த்துப் பார்த்தார். மஞ்சக்காட்டுக்காரர் காயத்துக்கு எதை வைப்பார்? மஞ்சளைத்தான். மேலே காய்ந்து நல்லபடியாகத் தெரிந்த காயத்துக்குக் கீழே சீழ் கட்டி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. சர்க்கரையால் மரத்துப்போன கால், வலி காட்டிக்கொடுக்கவே இல்லை.

108-ல் வந்த தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார். 28. "22ஐத் தொட்டாலே யோசிக்கணுமுங்க" என்றார். சொந்தக் காரில் கோயமுத்தூருக்கே நேராகக் கொண்டுபோய்விடலாம் என்று ஒறம்பரையில் ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். தம்பி சத்தம் போடவில்லை. ஆக்சிஜனை மாட்டிக்கொண்டே, "அவ்வளவு தூரம் மருந்தில்லாமப் போறதுக்கு நேரமில்லீங்க" என்று சொல்லிப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வண்டியை விடச் சொன்னார். உள்ளே ஏற்றுவதற்கு முன்பே அங்கே தகவலும் சொல்லிவிட்டார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டரம்மாவை நான் மறக்கவே மாட்டேன். ரத்தம் விரல் நுனி வரைக்கும் ஓடுகிறதா என்று பார்க்க நகத்தை அழுத்தினார். வெட்டுக் காலத்தில் மஞ்சள் ஏறிய நகம். நிறம் மாறுவது எங்கே தெரியப்போகிறது? உடனே முழங்கால் சில்லில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்து, வாய்விட்டு எண்ணினார். வெளுத்த இடம் சிவக்க ஐந்து எண்ண வேண்டியிருந்தது. மூன்றுக்குள் திரும்பியிருக்க வேண்டுமாம். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியும் குளிர்ந்த கையில் அளவு காட்டாமல், காதுமடலுக்கு மாற்றிய பிறகுதான் காட்டியது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நர்ஸ் இரண்டு கையிலும் ஊசி ஏற்றிவிட்டார். என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் போனது, சலைனும் வேகமாக ஓடியது. அப்பா எடை 60 கிலோ. கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் 1,800 மில்லி மூன்று மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கூடவே அனுப்பினார்.

பெருந்துறைக்கு அனுப்பத்தானே போகிறோம், மருந்தை அங்கே ஆரம்பிக்கட்டும் என்று அவர் விட்டிருந்தால் கேட்க ஆளில்லை. இந்த நிலைமையில் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் உடம்புக்குள் போக வேண்டும், ஒவ்வொரு மணி தள்ளிப்போவதும் உயிருக்கு ஆபத்தைக் கூட்டும் என்று பின்னால் பெருந்துறை டாக்டர் விளக்கினார். செப்சிஸ் வந்தால் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பே கட்டுமீறிப் போய்ச் சிறுநீரகம், மூளை, நுரையீரல் என்று தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளுமாம். பிரஷர் இறங்கியது, பேச்சு தடுமாறியது, ஒன்றுக்கு சரியாகப் போகாதது எல்லாம் அதன் வேலை.

பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது உங்களுக்கெல்லாம் ஓரளவு தெரியும். விடியட்டும் என்று பார்க்காமல் ராத்திரியே காலைத் திறந்து சீழை எடுத்த அறுவை சிகிச்சை டாக்டர்களுக்கும், பிரஷரைத் தூக்கி நிறுத்த நார்அட்ரினலின் மருந்து ஓடிய நேரமெல்லாம் கண் கொட்டாமல் இருந்த ஐ.சி.யூ. நர்ஸ்களுக்கும் கும்பிடு. மணிக்கு 30 மில்லி சிறுநீராவது வர வேண்டும் என்று பையைக் குனிந்து குனிந்து பார்த்த நர்ஸ், அது நாற்பதைத் தொட்டபோது எங்களிடம் ஓடி வந்து சொன்னார். மூத்திரம் வந்த சேதிக்கு ஒரு குடும்பமே அழுதது அன்றைக்குத்தான். இரண்டு விரல் போனது, கால் தப்பியது.

அப்புறம், நம் ஊர்க்காரர்கள். வேக வைத்த மஞ்சள் களத்தில் காய்ந்துகொண்டிருந்ததை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நேரத்துக்குக் கிளறிவிட்டு, ராத்திரி தார்ப்பாய் போட்டு, மெருகு ஏற்றி மூட்டை பிடித்தும் வைத்திருந்தீர்கள். கூலி எவ்வளவு என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். இது நியாயமில்லை, சொல்லிவிட்டேன்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று. அப்பா நாலு அடி நடந்தாலே களைத்துவிடுகிறார், சிலருடைய பெயர் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. செப்சிஸிலிருந்து எழுந்தவர்களுக்கு இப்படி மாதக்கணக்கில் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். காலையில் கட்டுப் பிரித்துக் கட்டும் வேலை இருக்கிறது, சாயங்காலமாக வாருங்கள். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வேண்டாம், சர்க்கரைக்காரர். மஞ்சள் விலை என்ன போகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள், வருகிற எல்லோரிடமும் முதலில் அதைத்தான் கேட்கிறார்.