பூட்டும் சாவியும் இனிப் போதும்

கடலூர் மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பேன்டிங்கின் பிறந்தநாளான நவம்பர் 14, உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நமக்கு அது குழந்தைகள் நாளும் ஆதலால் கொண்டாட்டத்துக்கே நேரம் சரியாகிவிடும்; ஆயினும் சுவரில் ஒரு படம் மாட்டிவிடுவோம். செல் சவ்வில் பூட்டு, எதிரே இன்சுலின் என்னும் சாவி; திறந்தால் சர்க்கரை உள்ளே. பணி ஓய்வு பெறும்வரை நானும் அதையே வரைந்தேன்.

தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்த மாணவன் ஒருவன், "பூட்டு துருப்பிடித்தால் எண்ணெய் விடலாமா, சார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். என் படம் கற்பித்ததைத்தான் அவன் கேட்டான் என்பது பின்னரே உறைத்தது.

நாம் பூட்டாக வரைவது இன்சுலின் ஏற்பியை, அதாவது செல் சவ்வில் இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை. அது நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. ஆல்பா சங்கிலிகள் இரண்டும் செல்லுக்கு வெளியே இருக்க, பீட்டா சங்கிலிகள் இரண்டும் சவ்வை ஊடுருவி உள்ளே இறங்குகின்றன. கந்தகப் பிணைப்புகள் அவற்றை ஒன்றாகக் கட்டுகின்றன. இன்சுலின் இல்லாதபோது இது, காலை அகட்டித் தலைகீழாக நிற்கும் இடுக்கியைப் போன்றது. 51 அமினோ அமிலங்களே கொண்ட இன்சுலின் மேற்பகுதியில் பற்றியதும் கால்கள் நெருங்குகின்றன. உள்ளே பீட்டா முனைகள் ஒன்றன் டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அங்கிருந்து செய்தி புரதம் புரதமாகக் கைமாறிச் செல்ல, தசை, கொழுப்புச் செல்களுக்குள் காத்திருக்கும் குளூட் 4 என்னும் கடத்தி சவ்வுக்கு வருகிறது. சர்க்கரை நுழைவது அதன் வழியாகவே; ஏற்பியின் வழியாக அன்று.

சாவியும் விறைப்பானதன்று. ஏற்பியின் மீது இன்சுலின் அமர்ந்திருக்கும் கோலத்தை 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு படிக வடிவில் காட்டியது. பிணையும்போது இன்சுலினின் இரு சங்கிலிகளில் ஒன்றான பி சங்கிலியின் வால்முனை விலகித் திறந்துகொள்வது அடுத்த ஆண்டு தெளிவாயிற்று. பூட்டும் வளைந்து சாவியும் வளைந்தால் அது என்ன பூட்டு?

அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: இரண்டாம் வகை நீரிழிவில் ஏற்பியின் அமைப்பே பழுதாகப் பிறந்திருப்பது மிக அரிது, கோளாறு பெரும்பாலும் உள்ளே செய்தி கைமாறும் வழியில் இருக்கிறது.

செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாக ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் நம் சிதம்பரத்தில் பிறந்தவர் என்று வகுப்புதோறும் பெருமையோடு சொல்கிறோம். சொன்ன கையோடு இன்னொரு மூலக்கூறுக்குத் திண்டுக்கல் பூட்டை வரைவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்த நவம்பரில் படத்துக்குப் பதில் அடுப்படி இடுக்கி ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். கால்களை நெருக்கிக் காட்ட இரண்டு நிமிடம் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கடலூர் முதுநகர்