முதல் குடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்ப்பால், கைகழுவுதல், கொதித்து ஆறிய தண்ணீர் எல்லாம் சரிதான். ‘தாய்மார்களின் அறியாமையே முதற்காரணம்’ என்ற வரிதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. தாராவியில் முப்பது வருடமாக இட்லி அவித்து விற்கிறேன். என் பேத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலையில் மூன்று மணி நேரம். குழாய் ஓடுவதோ சாக்கடைக்குள். தண்ணீர் பாயும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும், கசிந்தாலும் வெளியேதான் கசியும். நின்றதும் வெறுங்குழாய் விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். யாராவது மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். முதல் குடம் கலங்கலாக வரும், நாறும். கீழே ஊற்றலாம்தான், ஆனால் வரிசையில் பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். பிடித்த தண்ணீர் மறுநாள்வரை நீல டிரம்மில் கிடக்கும். பள்ளிவிட்டு வரும் பேரன் டம்ளரோடு முழங்கையையும் உள்ளே விடுவான். நீளப்பிடி அகப்பை ஒன்று வாங்கி டிரம்மில் மாட்டினேன். இப்போது அது பாத்திரம் கழுவும் மோரியில் கிடக்கிறது.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது கட்டுரை. சட்டமும் 2017 முதல் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு தருகிறது, ஏறக்குறைய அதே ஆறு மாதம். ஆனால் அது பத்துப் பேருக்குக் குறையாத கடை, அலுவலகங்களுக்கு. பாத்திரம் தேய்க்கப் போகும் என் மருமகளுக்கு யார் தருவார்கள்? மூன்றாம் மாதமே வேலைக்குப் போனாள். அன்றுதான் பால் பாட்டில் வீட்டுக்குள் வந்தது. ரப்பர் மாட்டும் மூடியின் மறையில் பால் மஞ்சளாகப் படியும், பிரஷ் போகாது. இப்போதெல்லாம் இட்லிப் பானையின் கொதிநீரில் போட்டு எடுக்கிறேன். அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

நான்காம் மாதம் பேதி கண்டது. 6, 10, 14 வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தவறாமல் கொடுத்திருந்தோம். அது அந்த ஒரு கிருமிக்குத்தான் காவல், சாக்கடையில் இருப்பதோ நூறு வகை.

அறியாமை இல்லை என்று சாதிக்க மாட்டேன். பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது என்றவள் நான். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. உச்சிக்குழி பள்ளமானதைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்று நர்ஸ் கத்திய பிறகுதான் தெரிந்தது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, துத்தநாக மாத்திரையில் தினம் பாதி, பேதி நின்றாலும் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும் என்றார். இன்றைக்கு இதை எங்கள் சந்தில் நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கற்றுக்கொள்ள ஒரு நாள் போதுமாக இருந்தது. குழாயைச் சாக்கடையிலிருந்து தூக்கி வைக்க எங்களால் ஆகுமா?

அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபரை விடியற்காலை நான்கு மணிக்கு அனுப்பிவையுங்கள். முதல் குடத்தை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை