மூன்றாவது இடத்தில் யாரை எடுப்பது?

ஜூன் 5, 2023

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் எடுக்கும், வரும் 22ஆம் தேதி நடக்கவிருக்கும் டிராஃப்டைப் பற்றி நீ அனுப்பியிருந்த நீண்ட மின்னஞ்சலை நிதானமாகப் படித்தேன். போர்ட்லண்ட் அணி தன் கையில் இருக்கும் மூன்றாவது தேர்வை, அதாவது மூன்றாவதாக ஆளை எடுக்கும் உரிமையை, வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, தன் நட்சத்திர ஆட்டக்காரர் டேமியன் லில்லார்டுக்குத் துணையாக அனுபவம் வாய்ந்த ஓர் ஆட்டக்காரரை வாங்க வேண்டும் என்று நீயும் உன் அலுவலக நண்பர்களும் சொல்கிறீர்கள். தேர்வைக் கைவிடக் கூடாது, முதல் இரண்டு அணிகள் எடுத்தது போக இளம் ஆட்டக்காரர் ஸ்கூட் ஹென்டர்சன் மிஞ்சினால் அவரையே எடுக்க வேண்டும் என்று மருமகள் சொல்கிறாள். நான் மருமகள் பக்கம். ஏன் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேசுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

உன் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லில்லார்டுக்கு அடுத்த மாதம் 33 வயது நிறைகிறது. ஆட்டத்துக்குச் சராசரியாக 32 புள்ளிகள், ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71 புள்ளிகள் என்று இந்தப் பருவத்தில் அவர் ஆடியும், அணி 82 ஆட்டங்களில் 33 மட்டுமே வென்றது. 2019இல் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக 37 அடி தொலைவிலிருந்து கடைசி நொடியில் அவர் எறிந்த பந்தை நாம் சேர்ந்து பார்த்து ஆர்ப்பரித்தது எனக்கும் நினைவிருக்கிறது. பதினொரு பருவங்களாக ஒரே அணிக்கு ஆடிய ஒருவரை, பத்தொன்பது வயதுப் பையன்கள் பக்குவப்படும் வரை காத்திரு என்று சொல்வது கொடுமையாக உனக்குப் படுகிறது. அந்த மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் லில்லார்ட் போர்ட்லண்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை உங்களில் ஒருவராவது எண்ணிப் பார்த்தீர்களா?

2012 மார்ச்சில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணி, டெரோன் வில்லியம்ஸ் என்னும் தன் நட்சத்திர கார்ட் (பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரர்) விலகிப் போய்விடுவாரோ என்று அஞ்சிக்கொண்டிருந்தது. அவரை மகிழ்விக்க அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று முடிவு செய்து, போர்ட்லண்டிடமிருந்து ஜெரால்ட் வாலஸை வாங்கியது. அதற்குக் கொடுத்தவற்றுள் முக்கியமானது அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு. முதல் மூன்று இடங்களுக்குள் விழுந்தால் தேர்வு தங்களுக்கே என்று ஒரு காப்பு வைத்திருந்தார்கள். அது ஆறாவது இடத்தில் விழுந்து போர்ட்லண்டின் கைக்குப் போனது. யூட்டாவில் இருக்கும் வெபர் ஸ்டேட் என்ற, அதிகம் பேசப்படாத கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த லில்லார்டை அந்த ஆறாவது தேர்வில்தான் எடுத்தார்கள். வாலஸ் அடுத்த ஆண்டே நெட்ஸிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். வில்லியம்ஸ் தங்கினார் என்பது உண்மை. ஆனால் அவர் இருந்த காலத்தில் அந்த அணி ஒருமுறைகூட இறுதிப் போட்டியை எட்டவில்லை. அன்று நெட்ஸ் செய்ததைத்தான் இன்று போர்ட்லண்ட் செய்ய வேண்டும் என்று நீ கேட்கிறாய். அதுவும் ஆறாவது தேர்வை அல்ல, மூன்றாவது தேர்வைக் கொடுத்து.

உன் நண்பர்களின் இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் பழக்கமான ஒன்று. அணியில் ஏற்கெனவே லில்லார்ட் கார்ட், சைமன்ஸ் கார்ட், சென்ற ஆண்டு ஏழாவதாக எடுத்த ஷேடன் ஷார்ப்பும் அந்த வரிசையைச் சேர்ந்தவர். ஹென்டர்சன் என்று இன்னுமொரு கார்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். இதே கேள்வியை இதே போர்ட்லண்டில் 1984இல் கேட்டார்கள். முதல் தேர்வில் ஹூஸ்டன் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவது தேர்வு போர்ட்லண்டிடம் இருந்தது. முந்தைய ஆண்டு எடுத்த கிளைட் டிரெக்ஸ்லரும், அனுபவசாலியான ஜிம் பாக்ஸனும் அணியில் கார்டுகளாக இருந்ததால், இன்னொரு கார்டான மைக்கேல் ஜோர்டனுக்கு இடமில்லை என்று கருதி, கூடையருகே ஆடும் உயரமான சென்டர் இல்லாத குறையைத் தீர்க்க சாம் போவியை எடுத்தார்கள். கால் முறிவால் இரண்டு கல்லூரிப் பருவங்களை இழந்தவர் அவர் என்பது அப்போதே தெரிந்த செய்தி. ஐந்து ஆண்டுகளில் போர்ட்லண்டுக்காக அவர் ஆடியவை 139 ஆட்டங்கள். ஜோர்டன் எத்தனை கோப்பைகள் வென்றார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை; 1992 இறுதிப் போட்டியில் டிரெக்ஸ்லரின் போர்ட்லண்டை வீழ்த்தியதும் அவருடைய சிகாகோதான். போவி மீது எனக்குக் கோபமில்லை. உடம்பு ஒத்துழைக்காதது அவர் பிழையல்ல. அணியின் இன்றைய குறையை வைத்து, பத்தாண்டுகள் ஆடப்போகும் ஒருவரை அளந்த முறைதான் பிழை.

இங்கே உன் நண்பர் ஒருவர் 2007இல் போர்ட்லண்ட் முதலாவதாக எடுத்த கிரெக் ஓடனை இழுத்து, போவி, ஓடன் என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்லி, டிராஃப்ட் என்பதே சூதாட்டம், தேர்வை விற்றுவிடுவதே புத்திசாலித்தனம் என்று முடித்திருக்கிறார். இந்த இரண்டும் ஒன்றல்ல. 2007இல் ஓஹியோ ஸ்டேட் கல்லூரிக்காக வலது மணிக்கட்டுக் காயத்தோடு ஆடி, இலவச எறிதல்களை இடது கையால் எறிந்த அந்த ஏழடி உயரப் பையனை முதலாவதாக எடுக்க வேண்டும் என்றே பெரும்பாலான வல்லுநர்கள் சொன்னார்கள். கல்லூரி இறுதிப் போட்டியில் புளோரிடாவிடம் அணி தோற்றபோதும் அவர் 25 புள்ளிகளும் 12 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்திருந்தார். கெவின் டூரன்டை விரும்பியவர்களும் இருந்தார்கள், ஆனால் சிறுபான்மையாக. அந்தச் செப்டம்பரிலேயே ஓடனின் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. போர்ட்லண்டுக்காக அவர் ஆடியவை மொத்தம் 82 ஆட்டங்கள், அதாவது ஒரே ஒரு பருவத்தின் அளவு. டூரன்ட் எவ்வளவு பெரிய நட்சத்திரம் ஆனார் என்பதை உலகம் அறியும். 1984இல் நடந்தது யோசனைப் பிழை, 2007இல் நடந்தது கெட்ட காலம். விளைவு மட்டும் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், அடுத்த முறை எதைத் திருத்திக்கொள்வது என்றே தெரியாமல் போகும்.

சரி, இந்த ஆண்டுக்கு வருகிறேன். பிரெஞ்சு இளைஞர் வெம்பன்யாமா முதல் தேர்வை வைத்திருக்கும் சான் அன்டோனியோவுக்குப் போவது உறுதி. அதில் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது தேர்வு சார்லட் அணியிடம் இருக்கிறது. அதன் பெரும்பங்கு உரிமையாளர் யார் என்று பார், போர்ட்லண்ட் வேண்டாம் என்ற அதே ஜோர்டன். ஆடுவதில் இருந்த கூர்மை ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு வாய்த்ததில்லை. 2001இல் வாஷிங்டன் அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவராக இருந்து, பின்னர் சோபிக்காமல் போன குவாமி பிரவுனை முதலாவதாக எடுத்தவர் அவர். சார்லட்டில் லமெலோ பால் என்ற இளம் கார்ட் ஏற்கெனவே இருப்பதால், ஹென்டர்சனை விட்டுவிட்டு அலபாமாவின் பிராண்டன் மில்லரை எடுப்பார்கள் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. அப்படி நடந்தால், பிறர் குறை பார்த்து ஒதுக்கிய ஆள் இந்த முறை போர்ட்லண்டின் கைக்கு வருவார்.

ஹென்டர்சன் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. மூன்று புள்ளி எறிதலில் மூன்றில் ஒன்றுகூட அவருக்கு விழவில்லை. இந்தக் காலத்து கார்டுக்கு அது சிறிய குறையும் அல்ல. மில்லரோ ஆறடி ஒன்பது அங்குல உயரத்தில் நூற்றுக்கு 38 என்ற அளவில் அதே எறிதலைப் போட்டவர். ஆயினும் சென்ற அக்டோபரில் நெவாடாவில் வெம்பன்யாமாவின் பிரெஞ்சு அணிக்கு எதிராக ஹென்டர்சன் ஆடிய ஆட்டத்தை மீண்டும் ஒருமுறை பார். 28 புள்ளிகளும் 9 அசிஸ்ட்களும் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்துகள்) ஒரு பக்கம் இருக்கட்டும். பந்தோடு கூடையை நோக்கி முதல் அடி எடுத்து வைக்கும்போது எதிரில் நிற்பவர் பின்வாங்குவதைக் கவனி. கல்லூரிக் காலத்தில் கார்டாக ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், எறிதலை ஓரளவுக்குப் பயிற்சியால் திருத்தலாம். அந்த முதல் அடியை எந்தப் பயிற்சியாளராலும் ஊட்ட முடியாது.

பணக் கணக்கையும் நீ விட்டுவிட்டாய். மூன்றாவதாக எடுக்கப்படும் ஆட்டக்காரருக்கு முதல் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ ஒரு கோடி டாலர். அணி விரும்பினால் நான்கு ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். லில்லார்ட் ஒருவருக்கே ஆண்டுக்கு நான்கு கோடிக்கு மேல் போகும் அணிக்கு, குறைந்த சம்பளத்தில் நிறைந்த திறமை கிடைக்கும் வழி இது ஒன்றுதான். நீ சொல்லும் டொரான்டோவின் சியாக்கம் நல்ல ஆட்டக்காரர், ஐயமில்லை. ஆனால் அவருடைய ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. அவரை வாங்கி, அணி பாதி வழியில் தோற்று, அவரும் வெளியேறினால், லில்லார்டுக்கு 34 வயதாகியிருக்கும், கையில் தேர்வும் இருக்காது.

காத்திருக்க விருப்பமில்லை என்பதை லில்லார்ட் ஒளித்து வைக்கவில்லை. அவர் விலக நேர்ந்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்காக இந்தத் தேர்வைக் கொடுத்தாலும் அவர் தங்குவார் என்பதற்கும், தங்கினாலும் கோப்பை வரும் என்பதற்கும் உன் மின்னஞ்சலில் ஒரு சான்றும் இல்லை.

டிராஃப்ட் தொடங்கும்போது உங்கள் ஊரில் மாலை 5 மணி, இங்கே மறுநாள் விடிகாலை 5.30. நான் விழித்திருப்பேன். சார்லட் முந்திக்கொண்டு ஹென்டர்சனை எடுத்துவிட்டால், மில்லரை எடுக்கட்டும். அப்போதும் தேர்வை விற்கக் கூடாது என்பதே என் கருத்து. மறுப்பு இருந்தால் அதற்கு முன்பே எழுது. சியாக்கமுக்கு ஈடாக மூன்றாவது தேர்வோடு வேறு யாரையெல்லாம் கொடுப்பாய் என்பதையும் சேர்த்து எழுது. மாற்றிக்கொள்ளும் ஆட்களின் சம்பளக் கணக்கு இரு பக்கமும் நேராகிறதா என்று நானும் மருமகளும் பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
அப்பா